தேய வேண்டியது கியர்தான்

டிஸ்ட்ரிபியூட்டர் கியர் கேட்டு வருகிற எல்லோரும் தேயாத கியராகத்தான் கேட்பார்கள். தேயக்கூடியதை எடுத்துக் கையில் கொடுத்து, திட்டு வாங்காமல் அனுப்பி வைப்பதுதான் எங்கள் தொழில்.

கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எதையாவது விற்கிறவர்களுக்கு என் பாடு புரியும். நீங்கள் செருப்பு விற்கலாம், மூக்குக்கண்ணாடி விற்கலாம். நாங்கள் நெல்லித்தோப்பில் பழைய பெட்ரோல் கார்களுக்கு உதிரி பாகம் விற்கிறோம். என் வீட்டுக்காரர் லாரன்ஸ் சரக்குத் தேடி ஊர் ஊராகப் போவார். நான் கடையில் உட்கார்ந்து கவலைப்படுவேன். கல்யாணமான நாளிலிருந்து வேலையை இப்படித்தான் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

தெரியாதவர்களுக்காக நாலு வரி. என்ஜினுக்குள் கேம் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு சுற்றும். அதன் உடம்பில் ஓரிடத்தில் சாய்வாகப் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்லோடு பல் கோத்துச் சுற்றுவது எங்கள் கியர். அது சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும், பிளக்குக்கு நேரத்துக்குப் பொறி போகும். இரண்டு உலோகம் நாள் முழுக்க உரசினால் ஒன்று தேயத்தான் செய்யும். கியர் தேய்ந்தால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். கேம் தேய்ந்தால் என்ஜினையே இறக்க வேண்டும். இறக்கினாலும் அந்தக் காலத்து வண்டிக்கு வேறு கேம் எங்கே போய்த் தேடுவது? அதனால் கேம் வார்ப்பிரும்பு என்றால் கியரும் வார்ப்பிரும்பு. கேம் ஸ்டீல் என்றால் கியர் வெண்கலம். மாற்றிப் போட்டால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். பாடம் இவ்வளவுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே ஒரு மத்தியானத்தில் புரிந்துவிட்டது. வாங்க வருகிற மனுஷர்களைத்தான் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை.

மூன்றாவது கத்தி

ராஜவேலு அண்ணனுக்கு அரியாங்குப்பம். மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு ஒரு வெள்ளை அம்பாசடரை வாங்கி, கல்யாணங்களுக்கு ஓட்டுகிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசடர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற குடும்பங்கள் இருக்கிற வரைக்கும் அவருக்குச் சோறு. ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்தார். கவுன்ட்டரில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். உள்ளே கியர். பல் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி கூராகத் தேய்ந்திருந்தது. ஒரு வருஷத்துக்குள் இது மூன்றாவது. மூன்றும் நான் எடுத்துக் கொடுத்தது.

"நேத்து பொண்ணு மாப்ள உள்ள ஒக்காந்திருக்காங்க, சைலன்சர்ல படார் படார்னு வெடிக்குது. பொண்ணோட மாமா ஓடியாந்து, வெடிக்குத் தனியா காசு குடுக்கணுமான்னு கேக்கறாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கடற்கரைப் பக்கம் கஃபே வைத்திருக்கும் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்கிறாராம். ஓட்டுவதற்கு இல்லை. குறுக்கே அறுத்து, முன்பாதியைச் சுவரில் பதித்து, பானெட் மேல் காபியும் கேக்கும் வைத்து விற்பதற்கு. ஆவணி முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். "வீட்டுல தள்ளி வுட்டுடுன்னு ஒரே நச்சரிப்பு. நாலாவதும் போச்சுன்னா அறுக்கக் குடுத்துடப் போறேன், செலினம்மா. அதுக்கப்புறம் நானும் அந்த கஃபேல போய் கப்பு கழுவ வேண்டிதான்."

"கேம் எதுனா மாத்தினீங்களா அண்ணே?" என்று கேட்டேன். வழக்கமான கேள்விதான், மூன்றாவது தடவையாகக் கேட்டேன். மார்பில் கை வைத்து, "ஒரிஜினல்" என்றார். ஒரிஜினல் என்றால் வார்ப்பிரும்பு. அதற்கு நான் கொடுத்ததும் வார்ப்பிரும்பு. சரியாகக் கொடுத்தும் தேய்கிறது என்றால் என் சரக்கு மட்டமாக இருக்க வேண்டும், இல்லை நான் மட்டமாக இருக்க வேண்டும். நாலாவது கியரை எடுத்து ஸ்பானரால் தட்டினேன். வார்ப்பிரும்பு மொத்தமாக 'டொக்' என்னும். ஸ்டீல் நீளமாகப் பாடும். டொக் என்றது. அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன்; சாம்பல் நிறத்தில் தூள் விழுந்தது. சரிதான். ஆனாலும் இன்னும் இரண்டு தடவை தட்டினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ராஜவேலு அண்ணன் பொறுமை இழந்து, ஸ்டீலில் ஒன்று கொடு, ஆயுசுக்கும் தேயாது என்றார். கியர்தான் அண்ணே தேய வேண்டும், அதற்குத்தான் அதைப் போடுவதே என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தேயறதுக்குன்னு ஒண்ணை வெலை குடுத்து வாங்கணுமா? அதுக்கு நான் ஒருத்தன் வீட்ல இருக்கறது பத்தாதா?"

பாலிஷ் போட்ட சாட்சி

பழைய கியரைக் கொண்டுவராமல் புதியது கிடையாது என்பது எங்கள் கடைச் சட்டம். பழையதில்தான் எல்லாக் கதையும் எழுதியிருக்கும். பல்லின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, நடுவிலா ஓரத்திலா, ஒட்டியிருக்கிற எண்ணெயில் என்ன தூள் கலந்திருக்கிறது என்று பார்த்தாலே உள்ளே நடக்கிற சண்டை பாதி தெரிந்துவிடும்.

அதே வாரம் முசியே தானியேல் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கரும்பச்சை நிறத்தில் ஒரு பிரெஞ்சுக் கார் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வெளியே எடுப்பார். கோயில் அவர் வீட்டிலிருந்து நாலாவது கட்டடம். பழைய கியரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார். உள்ளே வெள்ளைக் கைக்குட்டை. அதன் மேல் கியர், வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னுகிறது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பாலிஷும் போட்டிருக்கிறார். இரண்டு நாள் வேலையாம். தேய்ந்த தடம், ஒட்டிய எண்ணெய், தூள் எல்லாம் போய்விட்டது. கொலை நடந்த வீட்டைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டுப் போலீசைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ராஜவேலு அண்ணன் கொண்டுவந்த மூன்றும் கழுவியதுதான். எண்ணெய்க் கை வீட்டில் படக்கூடாது என்று அவர் மனைவி பாத்திரச் சோப்புப் போட்டுத் துலக்கித் தந்துவிடுவாராம். நான் மூன்று தடவையும் அதைக் கவனிக்காமல், சுத்தமாக இருக்கிறதே என்று வேறு சந்தோஷப்பட்டிருக்கிறேன். "முசியே, அழுக்கோடதான் கொண்டாரணும். அழுக்குதான் எனக்கு வேணும்" என்றேன். அவர் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அழுக்கை ஒரு பொம்பள முன்னாடி கொண்டாந்து வைக்கறதுக்கு எங்க ரெஜிமாந்துல சொல்லிக் குடுக்கல, மதாம்."

வாட்ஸப்பில் வைத்தியம்

பிரவீன் உழவர்கரையில் அடுக்குமாடியில் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. மாமனார் சீதனமாகத் தள்ளிவிட்ட பத்மினி கார் ஒன்று வைத்திருக்கிறான். கடைக்கு வரமாட்டான். எல்லாம் போனில்தான். கியரைப் போட்டோ எடுத்து அனுப்பி, இது என்ன மெட்டீரியல் என்று கேட்டான். போட்டோவில் கருப்பாக ஒன்று இருந்தது. அப்பளம் கருகினாலும் அப்படித்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் மாதிரி ஒரு கியர் வருகிறதாமே, எந்தக் கேமோடும் ஒத்துப்போகுமாமே என்று அடுத்த கேள்வி. வருகிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லோரோடும் ஒத்துப்போகிறேன் என்று சொல்கிற இரண்டு பேரை எங்கள் மாதா கோயில் பங்குக் குழுவில் பார்த்த பிறகு, எனக்கு அந்தச் சொல்லிலேயே நம்பிக்கை இல்லை.

கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டு, சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பு என்றேன். ஐந்து நிமிஷத்தில் வந்தது. காதில் வைத்துக் கேட்டேன். 'டாங்ங்ங்' என்று என்னமாய்ப் பாடுகிறது! பதறிப்போய்விட்டேன். இவன் வண்டியில் ஸ்டீல் கியர்! கேம் அரைபட்டு மாவாகியிருக்கும்! வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே, நகர்த்தாதே, தள்ளிக்கூடப் போகாதே என்று மூன்று மெசேஜ் எழுத்துப் பிழையோடு அனுப்பினேன். அவனிடமிருந்து பதில் குரலில் வந்தது, நிதானமாக:

"அக்கா, அது மாதா கோயில் மணி. கியர் அதுக்கப்பறம் வரும், முழுசா கேளுங்க."

எண்ணெயில் தங்கம்

ராஜவேலு அண்ணனுக்கு வெண்கலக் கியரைக் கொடுத்துத் தொலைத்துவிடு என்று லாரன்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுதான் எதற்கும் பணிந்து போகும் என்றார். நான் கேட்கவில்லை. வார்ப்பிரும்புக் கேமுக்கு வார்ப்பிரும்புதான் முறை. ஏன் தேய்கிறது என்று தெரியாமல் வெண்கலத்தைக் கொடுப்பது, நோய் என்னவென்று கேட்காமல் ஊசி போடுகிற மாதிரி. மேலும் வெண்கலம் வாங்குகிறவரிடம் முன்னாலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது மெல்லிய உலோகம், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து எண்ணெயில் கலக்கும், அவ்வப்போது கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும். இதைச் சொல்ல மறந்து நான் ஒரு தடவை பட்டிருக்கிறேன்.

கோபாலு என்று ஒருவர். பழைய ஜீப், அதில் மாற்றிப் போட்ட ஸ்டீல் கேம். அதனால் வெண்கலக் கியர் கொடுத்து அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தார். கடையில் இருந்தவர்கள் போகும் வரை வெளியே நின்றார். பிறகு உள்ளே வந்து, கடைக் கதவை அவரே பாதி சாத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. சட்டைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். என்ஜினிலிருந்து இறக்கிய எண்ணெய். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கருப்பு எண்ணெய்க்குள் பொன் துகள் மின்னி மின்னி இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது கியர், கோபாலு, நான் கொடுத்த கியர் தேய்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினார். வண்டி முன்னால் யாரோ சேட்டிடம் இருந்ததாம். எங்கேயோ ஒளித்து வைத்தது கரைந்து வருகிறதாம்.

"பாதி உனக்கு, பாதி எனக்கு. எம் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியக்கூடாது."

டேப்பு பிடித்தவர்

ஆவணி பாதி முடிந்துவிட்டது. நாலாவது கியர் என்ன கதியில் இருக்கிறதோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன் செய்தால், "ஓடுது" என்று ஒரே சொல். அன்று லாரன்ஸ் ஊரில் இல்லை. கடையைச் சாத்தினேன். பையில் ஊசி அரம், டார்ச், ஒரு டப்பா கிரீஸ், கூடவே குடை எல்லாம் போட்டுக்கொண்டு அரியாங்குப்பத்துக்கு பஸ் ஏறினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாடிக்கைக்காரர் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. பாலம் தாண்டும்போது, திரும்பி வரும்போது என்ன முகத்தோடு வருவேனோ என்று இருந்தது.

வீட்டு வாசலில் அம்பாசடர் நின்றது. அதன் பக்கத்தில் ஒருவர், முன்கதவிலிருந்து பம்பர் வரை டேப்பு பிடித்துக்கொண்டிருந்தார். கஃபேக்காரர். கதவு இடுக்கில் சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டார். "கட்டிங் இங்க வரும்" என்று ராஜவேலு அண்ணனிடம் கையால் காட்டினார். அண்ணன் அந்தக் கோட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் பலராமனையும் வரவழைத்திருந்தார். கியர் போச்சு என்று இன்றைக்கே தெரிந்துகொண்டால், இன்றைக்கே தலையாட்டிவிடலாம் என்று.

பலராமன் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து, ஒரு போல்ட்டை மாட்டி கியரை வெளியே இழுத்தார். நான் கழுவ விடாமல் பிடுங்கினேன். இரண்டு முகூர்த்தம்தான் ஓடியிருக்கிறது, அதற்குள் பல் மெலிந்துவிட்டது. எண்ணெயில் சாம்பல் தூள். எல்லாம் கியருடைய தூள். அப்படியானால் கேம்? ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். "எக்கா, அது ஆம்பளைங்களுக்கே தெரியாது" என்றார் பலராமன். ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னேன். கேமின் பல் ஒவ்வொன்றாக வந்து போனது. ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மாதிரி. தூள் உள்ளே விழாமல் இருக்க அரத்தில் கிரீஸ் தடவி, கேமின் பல்லில் வைத்து இழுத்தேன். வார்ப்பிரும்பாக இருந்தால் அரம் கடிக்கும். வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். வழுக்கியது.

"அண்ணே, இது ஸ்டீலு. ஸ்டீல் கேமு! ஒரிஜினல்னு எங்கிட்ட சத்தியம் பண்ணீங்களே" என்று கத்தியேவிட்டேன். ராஜவேலு அண்ணன் என்னை விட அதிகமாக விழித்தார். ஒரிஜினல்தான், சாமி சத்தியமாக ஒரிஜினல்தான் என்றார். கஃபேக்காரர் டேப்பைச் சுருட்டி நின்றார். பலராமன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என்னக்கா புதுசா கேக்கறீங்க? ரெண்டு வருசம் முன்ன பழைய கேமு ஒடஞ்சப்ப, ஒரிஜினல்னு சொல்லிப் பெட்டியோட குடுத்ததே உங்க வீட்டுக்காரருதானே."

ஒசத்தி

லாரன்ஸைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து போய் நின்றுகொண்டாள்.

சாயங்காலம் லாரன்ஸ் வந்து, இட்லி நாலை வாயில் போட்ட பிறகுதான் ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பில் மறுத்தார். பிறகு சட்னி கேட்டார். பிறகு ஒத்துக்கொண்டார். அம்பாசடருக்கு வார்ப்பிரும்புக் கேம் எங்கேயும் கிடைக்கவில்லை. வெளியூரில் ஒரு பட்டறையில் ஸ்டீல் உருளையிலிருந்து கேம் வெட்டிக் கொடுத்தார்கள். நல்ல வேலைப்பாடு. பட்டறையில் செய்தது என்றால் ராஜவேலு நூறு கேள்வி கேட்பார் என்று, பழைய பெட்டி ஒன்றில் போட்டு ஒரிஜினல் என்று கொடுத்துவிட்டார். என்னிடம் சொன்னால் நான் இருநூறு கேள்வி கேட்பேன் என்று எனக்கும் சொல்லவில்லை. நான் வருகிறவர் போகிறவரை எல்லாம் "கேம் மாத்தினீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்க, மாற்றியவர் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார். வெண்கலம் கொடுத்துவிடு, வெண்கலம் கொடுத்துவிடு என்று ஏன் சொன்னார் என்பது இப்போது புரிந்தது.

"எத்தினி பேருக்குக் குடுத்த?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை போய்விடும். விரலை மடக்கி, நாலு என்றார். கோயில் காலண்டரின் பின்பக்கத்தில் நாலு பெயரையும் எழுத வைத்தேன். நாளைக்குக் காலையில் ராஜவேலு அண்ணனிடம் நான் முழு உண்மையையும் சொல்லப் போகிறேன், மற்ற மூன்று வீட்டுக்கும் நீ போ என்றேன். அவருக்குப் பெரிய வருத்தம். கையில் பாதி இட்லியோடு, ரொம்ப நியாயமாகத்தான் கேட்டார்:

"கேட்டதுக்கு மேல ஒசத்தியா குடுத்தேன். இதுக்குக்கூடவா ஒருத்தன் கோவிச்சுக்குவான்?"

அண்ணனின் கோபம்

மறுநாள் மறுபடி அதே பஸ். இந்தத் தடவை லாரன்ஸையும் இழுத்துக்கொண்டு போனேன். பையில் வெண்கலக் கியர் ஒன்று. வழியில் ஜெபமாலை சொல்லப் பார்த்தேன். பாதியில் எண்ணிக்கை விட்டுப்போனது.

வண்டிக் கதவில் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேம் ஒரிஜினல் இல்லை, நாங்கள் சொன்னது பொய், நாலு கியரும் வீணாய்ப் போனது எங்களால், அத்தனை கல்யாணத்தில் வெடித்ததும் எங்களால். அவர் மனைவி கையில் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து நின்றார். பெருக்கிக்கொண்டிருந்தாரா, வேறு உத்தேசமா என்று தெரியவில்லை. நான் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அண்ணன் கேட்டார், "அப்ப அந்தக் கேமு மாத்துனதுலருந்தே என் வண்டிக்குள்ள ஸ்டீலுதான் இருக்குதா?"

"ஆமா அண்ணே, ரெண்டு வருசமா."

"இத்தினி நாளா நான் ஸ்டீலு ஸ்டீலுன்னு உங்கிட்ட கெஞ்சறேன். எங்கிட்டயே இருக்குது!" அவர் முகத்தில் ஒரு பெருமை ஓடி மறைந்தது. பிறகுதான் கோபம் வந்தது. அது லாரன்ஸ் பக்கம் திரும்பியது. "யோவ், எத்தினி தடவ வந்து ஒக்காந்தேன் உன் கடைல? டீ வாங்கிக் குடுத்தியே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா?" லாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அண்ணன் திட்டவில்லை. சட்டையைக் கழற்று, உன் கையாலேயே மாட்டு என்றார். வெயிலில், பானெட்டுக்குள் தலையை விட்டு, என் வீட்டுக்காரர் அந்த வெண்கலக் கியரை மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பலராமன் சும்மா நின்று ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார். இது தேயும் அண்ணே, எண்ணெயில் மஞ்சளாகத் தூள் வரும், கழற்றிப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும் என்று நான் ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். அது தங்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். துடைப்பத்தோடு நின்ற அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்:

"அந்தக் கியரை இனிமே நான் கழுவல தாயி. ஆனா உன் புருசனைக் கொஞ்சம் கழுவி எடு."

மூன்று முகூர்த்தம்

ஆவணியில் இன்னும் மூன்று முகூர்த்தம் இருந்தது. மூன்றையும் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்ப்பது, பல் நின்றிருந்தால் வண்டி, தேய்ந்திருந்தால் கஃபே என்று முடிவு. கஃபேக்காரரிடமும் அப்படியே சொல்லியாயிற்று. அவர் சுவரில் ஏற்கெனவே இடம் இடித்து வைத்துவிட்டாராம்.

அந்தப் பத்து நாளும் நான் பட்டதை எழுதினால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். முதல் கல்யாணம் எங்கள் நெல்லித்தோப்பிலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரை எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஊர்வலத்துக்குப் பின்னால் சுவரோரமாக நடந்து போனேன். ஒரு இடத்தில் 'படார்' என்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். யாரோ நிஜமாகவே வெடி வைத்திருந்தார்கள்.

கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் எல்லோரும் அரியாங்குப்பத்தில் வண்டியைச் சுற்றி நின்றோம். கஃபேக்காரரும் வந்திருந்தார், கூட வெல்டர் ஒருவரோடு. பலராமன் கியரை இழுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட என் கையில் வைத்தார். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். பல்லின் ஒரு பக்கம் லேசாக மினுக்கம் ஏறியிருந்தது. அவ்வளவுதான். விளிம்பு விளிம்பாகவே இருந்தது, முனை முனையாகவே இருந்தது. இரண்டாம் சுற்றும் பார்த்தேன். மூன்றாம் சுற்றுப் பார்க்கப் போனபோது லாரன்ஸ் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். "நிக்குது அண்ணே" என்றேன்.

ராஜவேலு அண்ணன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து, கதவு இடுக்கில் இருந்த சாக்பீஸ் கோட்டை அழித்தார். மேலிருந்து கீழ் வரை, அவசரமில்லாமல். கஃபேக்காரருக்கு மனசே ஆறவில்லை. சுவரை இடித்துவிட்டேனே, என்ஜின் உங்களுக்கே இருக்கட்டும், முகப்பையாவது கொடுங்களேன் என்று கெஞ்சினார். பலராமன் கியரைத் திரும்ப மாட்டி முடித்ததும் அண்ணன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தும்மல்கூட இல்லாமல் எழுந்தது. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்:

"முன்பாதி எனக்கு வேணும் சார், ஓட்டணும். பின்பாதி காலியாத்தான் கெடக்குது, உங்க வீட்டுக் கல்யாணத்துக்குச் சொல்லி வுடுங்க, வந்து நிக்கறேன்."

ஆக, என்னோடு சேர்ந்து கவுன்ட்டரில் உட்கார்ந்து அல்லாடுகிறவர்களே, வாடிக்கைக்காரர் பொய் சொல்கிறாரோ என்று கடையில் நான் பட்ட கவலையில் கால்வாசியை வீட்டிலேயே பட்டிருந்தால், மூன்று தடவை அரியாங்குப்பம் போய்வந்த பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.